இருபத்தாறு அங்குலம்

எங்கள் நாயின் பெயர் லாரி.
சத்தி ரோட்டில் பிரேக் டவுனாகி நின்ற
ஒரு லாரிக்கடியில் கிடந்ததை
மிதுனா பள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள்.
இப்போது இருபத்திரண்டு கிலோ.
கூட்டமில்லாத ஒரு மத்தியானம்
ரேஷன் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம்.

பரிசல் இருந்தவரை தொந்தரவில்லை.
வட்டத்துக்கு ஏது முன்னும் பின்னும்.
ஃபைபர் படகு வந்தபோது
மூன்று குறுக்குப் பலகைகளும் கூட வந்தன:
முன்னால் நான், வலையோடு.
பின்னால் சென்னியப்பன், துடுப்போடு.
நடுவில் மீன் பெட்டி, ஞாயிற்றுக்கிழமையானால் மிதுனாவும்.
நாய்க்கென்று எந்தக் கம்பெனியும் அச்சு வார்ப்பதில்லை.

ஐப்பசியில்
அணைத் தண்ணீர் சிறுமுகை வரைக்கும் ஏறிக் கிடந்த ஒரு சாயங்காலம்,
அக்கரையில் நாலு யானை, ஒரு குட்டி.
நடுப்பலகையில் தாவி ஏறிய லாரி
குரைத்தது, வழுக்கியது,
நகம் கிறீச்சிட, படகு இடப்பக்கம் சாய்ந்து
ஒரு வாய் தண்ணீர் குடித்தது.
எட்டு கிலோ ஜிலேபி வந்த வழியே திரும்பிப் போயிற்று.
சென்னியப்பனின் போனும் போயிற்று.
யானைகள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

“இனிக் கரையிலயே கட்டிப் போட்றோணும்.”
கட்டிப் போட்டோம், ஒரே ஒரு நாள்.
அது ஊளையிட்டதைக் கேட்டு
சொசைட்டி வாட்ச்மேன் எனக்குப் போன் போட்டார்:
“ஏனம்மிணி, உங்கூட்டுல ஆருக்காச்சும் ஏதாச்சுமா?”

“அப்பறம் படகுலயே சங்கிலி போட்டுக்கலாம்.”
“கவுந்தா?” என்றேன்.
அன்று ராத்திரி சாப்பிட்ட தட்டில்
ரசத்தைத் தொட்டு அவர் ஒரு படகு வரைந்தார்.

அளவெடுத்தவள் மிதுனா,
லாரி தூங்கும்போது, தையல் டேப்பில்:
சுருண்டால் இருபத்தாறு அங்குலம்,
நீட்டினால் நாற்பத்தொன்று.
“கனவுல ஓடுமுங்கப்பா, அதுக்கு ஒரு நாலு சேத்திக்கோங்க.”

நடுப்பலகையை அறுக்க ரம்பத்தை எடுத்தவரை
வெல்டிங் கடை யூசுப் தடுத்தார்:
“பலகை உக்காரறதுக்கு மட்டுமில்லீங்க,
ரெண்டு விலாவையும் அதுதான் புடிச்சிட்டிருக்குது.”
எனவே எதையும் அறுக்கவில்லை.
நடுப்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே, தாழ்வாக,
அடியில் தேங்கும் தண்ணீர் ஓட நாலு விரல் விட்டு
ஒரு மேடை.
மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில்
சும்மா கிடந்த பலகைத் தட்டு அது.
மேலே புள்ளி வைத்த ரப்பர் மேட்டு.
ஓரம் குத்தாமலிருக்கச் சொட்டுநீர்க் குழாயைப் பிளந்து
சுற்றிலும் மாட்டினார்.
லாரி மூன்று முறை சுற்றி வந்து
படுத்தது.

தண்ணீரில் இறக்கினால்
படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
எண்பது கிலோ ஆளும் நாயும் ஒட்டுக்காப் பின்னால்.
காத்தடித்த பக்கமெல்லாம் தலை திரும்பியது.
வெகுநேரம் யோசித்தார்.
பிறகு என் முகத்தைப் பாராமல்,
“நீ இக்கட்ட வந்துரு” என்றார்.

பதினாலு வருசம்
துடுப்பை நான் வெயிலில் காய வைத்திருக்கிறேன்.
அவ்வளவுதான்.
முதல்நாள் சுற்றினோம், சுற்றினோம்,
பழைய பரிசலே தேவலாம் என்று மிதுனா சிரித்தாள்.
வலப்புறம் இழுத்தால் ஏன் இடப்புறம் போகிறது என்று
சமையல்கட்டில் நின்றுகொண்டு
அகப்பையால் யோசித்தேன்.
கார்த்திகை முடிவதற்குள்
பெத்திக்குட்டை வரைக்கும் நேராகப் போனேன்.

அவர் முன்னால், வலைச் சிக்கல் எடுத்தபடி,
எனக்கு முதுகு காட்டி.
அந்த முதுகில் ஒரு மச்சம் இருப்பதை
இப்போதுதான் பார்க்கிறேன், பகல் வெளிச்சத்தில்.

யானைகள் மறுபடி வந்தன.
லாரி எழுந்தது. நகம் ரப்பரில் பிடித்தது.
இரண்டே குரைப்பு.
படகு சிலிர்த்து, அடங்கியது.
அளந்து செய்த மேடையில் பாதியைக் காலியாக விட்டு
என் பாதத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டது.
கனம்தான். கால் மரத்துப்போகிறது.

லைசென்சில் ஓட்டுபவர் இன்னும் சென்னியப்பன்.
பங்குனியில் புதுப்பிக்கப் போகும்போது
கேட்டுப் பார்க்க வேண்டும்.
இப்போதைக்கு அவர்
முன்னாலிருந்து திரும்பாமலே கேட்கிறார்:
“எந்தப் பக்கம் போறே?”